பெண்ணைப் பூட்டி வைத்துத் தமிழை விடுவிப்பதோ?

தமிழ் மேடைகளில் தவறாது முழங்கும் பெருமையொன்று உண்டு. கழகக் காலத்திலேயே எம் பெண்டிர் பாவலராய்த் திகழ்ந்தனர் என்பதே அது. ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், ஒக்கூர் மாசாத்தியார், பொன்முடியார் என்று பெயர்கள் அடுக்கப்படும், கையொலி எழும், கூட்டம் கலையும். கலைந்து செல்வோருள் எத்தனை பேர் வீட்டில், படிப்பு நிறுத்தப்பட்ட பெண்ணொருத்தி அடுக்களையில் நிற்கின்றாள் என்று அம் மேடையில் எவரும் வினவுவதில்லை.

அப் பெருமையில் பொய்யில்லை. முப்பதின்மர்க்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்தம் பாடல்கள் நம் தொகைநூல்களில் உள்ளன. அவர்கள் அனைவரும் அரண்மனை மாடத்துப் பெண்டிரும் அல்லர். வெண்ணிக் குயத்தியார் மட்கலம் வனையும் குடியில் தோன்றியவர். குறமகள் இளவெயினி மலைக்குடியினர். வெண்ணிப் போரில் வென்று நின்ற கரிகாலனை நேரே விளித்து, தோற்றும் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவனே நின்னினும் நல்லன் என்று பாட அக் குயத்தியார்க்குத் துணிவு இருந்தது. அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்று, போரைப் பற்றிப் பேச ஔவையார்க்குத் தகுதி இருந்தது. எழுத்தும் யாப்பும் உலகியலும் பெண்ணுக்கு எட்டாதனவாய் இருந்திருப்பின் இவை நிகழ்ந்திரா.

ஆயினும், இப் பெருமையைப் பேசுகின்றவன் அதனுள் பொதிந்துள்ள பழியையும் சேர்த்தே பேசுதல் வேண்டும். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் குயவர்குடிப் பெண் பெற்றிருந்த எழுத்தைப் பின்வந்த நூற்றாண்டுகளில் அவள் கொடிவழியிற் பிறந்தோர் இழந்தனர் என்றால், பறித்தவர் யார்? வேற்றவர் வழக்கங்கள் வந்து புகுந்தன என்பது மெய். வந்தவற்றுக்கு வாயிற்கதவைத் திறந்துவிட்டவர்கள் யார்? மகளுக்குப் பத்து அகவையில் மணம் முடித்தவனும், கைம்பெண்ணை இருட்டறையில் இருத்தியவனும், சிறுமியைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட்டவனும் தமிழ் பேசிய தந்தையரே அல்லரோ? பழம்பெருமை என்பது நம் முன்னோர் விட்டுச் சென்ற பொன்முடிப்பு அன்று. நாம் தீர்க்க வேண்டிய கடன்முறி என்க.

ஒரு கதவு திறந்தால் என்ன விளையும் என்பதற்குப் புதுக்கோட்டையே சான்று. 1886இல் அங்குப் பிறந்த முத்துலக்குமி அம்மையாரின் தாயார், கோயிற் பணிக்கெனப் பெண்களை நேர்ந்துவிடும் குடியைச் சார்ந்தவர். அக் குடியிற் பிறந்த சிறுமிக்கு ஊர் வகுத்து வைத்திருந்த வழி ஒன்றே ஒன்று. அவரோ கல்லூரிக்குச் செல்ல விழைந்தார். ஆண்கள் பயிலும் மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பெழுந்தது. தொண்டைமான் மன்னர் இசைவு தந்தார். அம்மையார் உள்ளே சென்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912இல் மருத்துவராய் வெளிவந்தார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடுத்த போர் 1947இல் சட்டமாய் முற்றுப்பெற்றது. ஏதிலிப் பெண்களுக்கு ஔவை இல்லம் கண்டார். உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். இன்றும் நாட்டின் பல பகுதிகளினின்றும் நோயாளர் அங்கு வந்து செல்கின்றனர்.

ஒரே ஒரு கல்லூரிக் கதவு, ஒரே ஒரு பெண்ணுக்குத் திறந்ததன் விளைவு இது. அன்று அக் கதவு மூடியே இருந்திருப்பின், எந்த மருத்துவமனையை இழந்தோம் என்பதே நமக்குத் தெரிந்திராது. மூடிய கதவுகளின் கொடுமை அதுதான். இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே இழந்தவர் அழுவதுமில்லை. பள்ளியினின்று நிறுத்தப்பட்ட ஆயிரமாயிரம் சிறுமியருள் எத்தனை மருத்துவர், எத்தனை பாவலர், எத்தனை கணக்கறிஞர் புதையுண்டனர் என்று எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்கின்றோம்?

தனித்தமிழ் அன்பர்கள் இன்னொரு பெயரையும் இவ்விடத்து நினைத்துப் பார்த்தல் வேண்டும். மறைமலையடிகளும் அவர்தம் மகளார் நீலாம்பிகையாரும் 1916இல் நிகழ்த்திய உரையாடலே தனித்தமிழ் இயக்கத்திற்கு ஊற்றுக்கண் என்பதை நாம் அனைவரும் அறிவோம். வள்ளலார் பாடலில் 'தேகம்' நின்ற இடத்தில் 'யாக்கை' நிற்பின் எத்துணை இனிமை என்று தந்தையார் கூற, மகளார் அதனை உள்ளத்திற் கொண்டு, இனித் தனித்தமிழிலேயே பேசுவோம் என்று உறுதி பூண்டார். 1903இல் பிறந்த அவர்க்கு அன்று அகவை பதின்மூன்று.

பதின்மூன்று! அன்றைய வீடுகள் பெண்ணைப் பள்ளியினின்று நிறுத்தி மணவறைக்கு அனுப்பிய அகவை அது. அடிகளும் அவ்வாறே செய்திருந்தால், மகளுடன் அமர்ந்து செய்யுள் நயம் பேசுவதற்கு மாறாக மருமகனைத் தேடி அலைந்திருந்தால், நம் இயக்கத்தின் வரலாறு வேறாயிருக்கும். வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களைத் திரட்டி அகரவரிசை செய்தளித்த அறிஞரை நாம் பெற்றிருக்க மாட்டோம். ஈ.வெ. இராமசாமியார்க்குப் 'பெரியார்' என்னும் பெயரைச் சூட்டிய 1938ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஆகவே, தனித்தமிழ் என்பதே படித்த சிறுமியொருத்தியின் கொடை. அதனைப் பெற்றுக்கொண்டு தன் மகளின் படிப்பை நிறுத்துகின்றவன், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கின்றவன் ஆவான்.

அதே 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைபுகுந்த பெண்டிருள் மருத்துவர் தருமாம்பாளும் ஒருவர். மறியற் படையோடு ஊர் ஊராக நடந்து சென்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், பொட்டுக்கட்டும் கொடுமையைத் தோலுரித்து 1936இல் புதினமே எழுதியவர். மொழிப்போர்க்களத்திற்குப் பெண் வேண்டும். வகுப்பறைக்குப் பெண் வேண்டா என்பது என்ன முறை?

'இதெல்லாம் பழங்கதை, இன்று பெண்கள் படிக்கவில்லையா?' என்று கேட்பாருளர். கேள்வி முறையானதே. விடை கூறுவோம்.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு இந்திய மாநிலங்களின் முன்வரிசையில் நிற்கின்றது. அதில் பெண்கள் ஆண்களுக்கு ஏறத்தாழ ஈடாக வந்துவிட்டனர். இது சிறிய பேறு அன்று. நண்பகல் உணவும் மிதிவண்டியும் விடுதியும் பேருந்துச் சலுகையும் தந்த பயன் அது. செங்கோட்டை அரசு மகளிர் பள்ளியிற் பயின்ற நிகர் சாசி, 2023இல் கதிரவனை ஆய விண்ணில் ஏவப்பெற்ற ஆதித்தியா எல்-1 திட்டத்தை இயக்கினார். அரியலூரில் பிறந்து கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற வளர்மதி, இரவிலும் முகிலூடும் நிலத்தைப் படம்பிடிக்கும் இரிசாட்-1 செயற்கைக்கோளுக்குத் திட்ட இயக்குநராயிருந்து 2012இல் அதனை விண்ணேற்றினார். இவர்களை எண்ணி நெஞ்சு நிமிர்த்துவோம், தவறில்லை.

ஆனால், முடிசூடிய சிலரைக் காட்டி, வாயிலில் நிற்கும் பலரை மறைப்பதே இன்றைய சூழ்ச்சி. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்த ஆண்கள் 86.77 விழுக்காடு, பெண்கள் 73.44 விழுக்காடு. பதின்மூன்று விழுக்காட்டிற்கும் மேற்பட்ட இவ் விடைவெளியில் வீழ்ந்து கிடப்போர் யாவர்? அருவினையாளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. வாக்காளர் பட்டியலில் மட்டும் உண்டு. குமரி மாவட்டம் எழுத்தறிவில் முதலிடத்தும் தருமபுரி மாவட்டம் கடையிடத்தும் நின்றதை அக் கணக்கே காட்டுகின்றது. குமரியிற் பிறந்த பெண்ணும் தருமபுரியிற் பிறந்த பெண்ணும் தமிழ்த்தாயின் மக்களே எனின், ஒருத்திக்கு ஏடும் ஒருத்திக்கு ஆட்டுமந்தையும் தந்தது யார்?

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் நடந்ததை நாடறியும். முகவர்கள் சிற்றூர்களுக்குச் சென்று, மணமாகாத இளம் பெண்களை மூன்றாண்டு வேலைக்குப் பேசி அழைத்து வந்தனர். ஆலை விடுதியிலேயே அடைபட்டிருத்தல் வேண்டும். ஊதியத்தின் ஒரு பகுதி பிடித்து வைக்கப்படும். மூன்றாண்டும் முடித்தால் திருமணச் செலவுக்கென ஒரு தொகை கிடைக்கும். நோயுற்று இடையில் திரும்பியவள் அதனை இழந்தாள். இதற்கு இட்ட பெயர் 'சுமங்கலித் திட்டம்'. பெயர் வடமொழி, பிழிந்தெடுத்த முதலாளியும் அனுப்பி வைத்த தந்தையும் நம்மவர். பள்ளியிருக்கையில் அமர வேண்டிய பெண்ணை நூற்பொறியின்முன் நிறுத்தி, அவள் உழைப்பைக் கொண்டே அவளுக்கு மணக்கொடை சேர்த்த கொடுமைக்கு மங்கலப் பெயர் ஒரு கேடா?

அரசின் கதவும் திறந்தே இருப்பதன்று. தொழிற்கல்விச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வேண்டா என்று தமிழ்நாடு செய்த சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. சிற்றூர் மாணவியர்க்கு அது வாழ்வளித்தது. 2017இலோ 'நீட்' என்னும் தேர்வு மருத்துவக் கல்விக்குக் கட்டாயமாயிற்று. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் சுமை தூக்கும் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்த அனிதா, மாநிலப் பாடத்திட்டத்தில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தும் மருத்துவக் கல்லூரியில் இடம்பெறவில்லை. தில்லியின் உயர்முறைமன்றம் வரை சென்று வாதாடித் தோற்ற அவள், 2017 செபுதம்பர் 1ஆம் நாள் தன்னுயிரைப் போக்கிக்கொண்டாள். உயிரை விடுதல் எச் சிக்கலுக்கும் தீர்வன்று. அதனை எவரும் போற்றுதலும் ஆகாது. ஆனால், அவள் வாழ்ந்து காட்டிய படிப்பு போற்றத்தக்கது. அதனைப் புறந்தள்ளிய முறை தூற்றத்தக்கது. வளர்மதியை விண்வரை ஏற்றிய அதே அரியலூர் மண் அனிதாவையும் ஈன்றது. மண்ணில் குறைவில்லை, மதியில் குறைவில்லை, கதவில்தான் குறை. பணங்கட்டித் தனிப்பயிற்சி பெறுவோர்க்கு ஏற்ற தேர்வு, பெண்ணுக்கெனப் பணஞ்செலவிடத் தயங்கும் ஏழை வீட்டில் முதலில் யாரை விலக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் வழங்கியது. அது புண்ணுக்கு இட்ட மருந்தே அன்றி, வாளைப் பறித்ததாகாது.

அரசின் செயலில் பாராட்டத்தக்க மாற்றமொன்றும் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கினர். 2011இல் அதனோடு தாலிக்குப் பொன்னும் சேர்ந்தது. 2022இல் அத் திட்டம் உருமாறி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற பெண் உயர்கல்வி பயிலுங்கால் திங்கள்தோறும் 1000 உருபா பெறும் திட்டமாயிற்று. தாலிக்குத் தந்த பணம் ஏட்டுக்குச் சென்றது. வாழ்நாளெல்லாம் பெண்ணடிமைக்கு எதிராகப் போரிட்ட அம்மையார் பெயருக்கு அதுவே தகும். எனினும் ஒன்றைத் தெளிக. அரசு பணந்தரலாம், பேருந்து விடலாம், பள்ளிக்குக் கழிப்பறை கட்டலாம், கட்டியே ஆகவும் வேண்டும். மகளை அனுப்புவதா, நிறுத்துவதா என்னும் முடிவோ வீட்டுத் திண்ணையில் செய்யப்படுகின்றது. அத் திண்ணையில் அமர்ந்திருப்போரிடம் இனிப் பேசுவோம்.

'பெரியவளாகிவிட்டாள், இனி எதற்குப் பள்ளி?' என்கின்றான் ஒருவன். உடலின் இயல்பான வளர்ச்சி அறிவின் வளர்ச்சிக்கு எங்ஙனம் தடையாகும்? மகன் குரல் உடைந்து மீசை அரும்பியபோது அவனைப் பள்ளியினின்று நிறுத்தினாயா?

'படித்தால் அடங்க மாட்டாள்' என்கின்றான் இன்னொருவன். ஆம், அடங்க மாட்டாள். அடிப்பவனுக்கும் ஏய்ப்பவனுக்கும் குடித்துவிட்டு வருபவனுக்கும் அடங்க மாட்டாள். கல்வியின் பயனே அது. கரிகாலனுக்கே அடங்காத குயத்தியாரை மேடையிற் புகழ்ந்துவிட்டு, வீட்டில் அடங்கிய பெண்ணைத் தேடுகின்றவன் எந்தத் தமிழைக் காக்கப் போகின்றான்?

'மிகுதியாகப் படித்தால் அவளினும் மிகுதியாகப் படித்த மாப்பிள்ளை வேண்டும். மணக்கொடை ஏறும்' என்கின்றான் மற்றொருவன். இஃது ஒன்றே மெய்யான அச்சம். ஆகவே இதற்கே முதல் விடை. மணக்கொடை வாங்குவதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம். குற்றத்தைச் செய்வதற்குப் பணம் போதாமையால் மகளின் கல்வியை நிறுத்துகின்றேன் என்பது, கையூட்டுக் கொடுக்கக் காசில்லாமையால் மகனை விற்றேன் என்பதனோடு ஒக்கும். விலை கேட்பவனை வாயிலிலேயே திருப்பி அனுப்பு. மகளைத் திருப்பி அழைக்காதே.

'பள்ளி தொலைவில் உள்ளது. வழியில் காப்பில்லை' என்கின்றார் தாயார் சிலர். இவர்கள் அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால், வழியில் இளைஞன் ஒருவன் தொல்லை தருகின்றான் எனின், வீட்டுக்குள் அடைபட வேண்டியவன் அவனா, அவளா? ஊரார் பத்துப்பேர் கூடி அவனைத் திருத்தல் எளிதா, ஊர்ப் பெண்கள் அனைவரையும் பூட்டி வைத்தல் எளிதா? எளியதைத் தேடுகின்ற ஊர் எப்போதும் பெண்ணையே பூட்டுகின்றது.

இறுதியாக, நம்மவரிடமே ஒன்று கூறுதல் வேண்டும். இது கசக்கும், கசப்பினும் மருந்தாம்.

'பூப்புனித நீராட்டு' என்று அச்சிட்ட அழைப்பிதழில், 'புனிதம்' வடசொல் என்று கண்டு, அதனை அடித்துவிட்டு 'மஞ்சள் நீராட்டு' என்று திருத்திக் கொடுப்பார் சிலர் நம்முள் உளர். திருத்தியது இதழை, திருந்த வேண்டியது விழா. பன்னிரண்டு அகவைச் சிறுமியைப் பள்ளியினின்று நாட்கணக்கில் நிறுத்தி, பந்தலில் இருத்தி, இவள் மணச்சந்தைக்கு அணியமாகிவிட்டாள் என்று ஊருக்குப் பறைசாற்றும் அவ் விழாவை எச் சொல்லால் அழைத்தால் என்ன? 'கன்னிகாதானம்' என்பதை 'மகட்கொடை' என்று பெயர்த்துவிட்டோம். சொல் தமிழாயிற்று, பொருள் மாறிற்றா? மகள் அன்றும் கொடைப்பொருள், இன்றும் கொடைப்பொருள். பதினேழு அகவைப் பெண்ணுக்குத் திருக்குறள் ஓதி, தமிழ்முறையில் மாலை மாற்றினும் அது குழந்தை மணமே. குறள் ஓதியதால் குற்றம் தூய்மையாகிவிடாது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைமணத் தடைச்சட்டம் அதனை நடத்துவோர்க்கும் துணைநிற்போர்க்கும் ஈராண்டு வரை கடுஞ்சிறையும் ஓர் இலக்கம் உருபா வரை தண்டமும் வகுத்துள்ளது. தமிழில் நடத்தினோம் என்பதற்கு அதில் விலக்கில்லை.

1929இல் செங்கற்பட்டில் கூடிய தன்மான இயக்க மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டுகள் ஆயின. இந்தியா முழுமைக்கும் 2005 வரை காத்திருக்க நேர்ந்தது. தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் இடையே அறுபது ஆண்டு எனின், சட்டத்திற்கும் வீட்டிற்கும் இடையே எத்தனை ஆண்டு? அவ் விடைவெளியைக் குறைக்கும் வேலை அரசினுடையதன்று, நம்முடையது.

ஆகவே, தமிழ்மன்றங்கள் ஒவ்வொன்றும் இவ்வாண்டே இவற்றைத் தொடங்குதல் வேண்டும். தத்தம் தெருவில், ஊரில், சேரியில், பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளைகள் யாவர் என்று வீடுவீடாகச் சென்று கணக்கெடுங்கள். நின்ற கரணியத்தைக் கேட்டெழுதுங்கள். பணமாயின் திரட்டுங்கள், தொலைவாயின் துணை அனுப்புங்கள், தந்தையாயின் பேசுங்கள். பள்ளியில் கழிப்பறையும் நீரும் இல்லையெனில் தலைமையாசிரியர் முதல் மாவட்ட ஆட்சியர் வரை முறையிடுங்கள். குழந்தை மணம் நடக்கவிருப்பதை அறிந்தால், உறவென்றும் பாராது 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். பதினெட்டு நிறையாத பெண்ணின் மணத்திற்கும், படிப்பை இடைநிறுத்தும் மணத்திற்கும் வாழ்த்துரை வழங்குவதில்லை என்று நம் சொற்பொழிவாளர் உறுதி ஏற்கட்டும். மன்றக் கூட்டங்களில் பெண்கள் வரவேற்பிற்கும் விளக்கேற்றலுக்கும் மட்டும் நிற்பது ஒழியட்டும்; தலைமையிடத்தும் சொற்போரிடத்தும் அமரட்டும்.

தமிழர்களே! மொழியைத் தாய் என்கின்றோம். நாட்டைத் தாய் என்கின்றோம். ஆற்றையும் தாய் என்கின்றோம். தாயாகப் போகின்றவளுக்கு ஏட்டைத் தர மட்டும் கை தயங்குகின்றது. குழந்தைக்கு முதற்சொல்லை ஊட்டுபவள் தாயே. அவள் கல்லாதிருப்பின், நாம் அகரவரிசையில் திரட்டி வைத்த சொற்களெல்லாம் அவ்வேட்டிலேயே கிடந்து மட்கும். அடுத்த தலைமுறையின் நாவிற்கு ஏறா. தமிழின் விடுதலையும் பெண்ணின் விடுதலையும் இரு வேறு போர்கள் அல்ல. ஒரு கையால் பெண்ணைப் பூட்டிக்கொண்டு மறுகையால் தமிழின் தளையை அறுக்க முயல்பவன் இரண்டையும் இழப்பான்.

திறவுகோல் தில்லியில் ஒன்று உண்டு. சென்னையில் ஒன்று உண்டு. அவற்றுக்காகப் போராடுவோம். மூன்றாவது திறவுகோல் உன் மடியில் உள்ளது, தந்தையே! அதற்கு யாரைக் கேட்கப் போகின்றாய்? இன்றே திற!